பூஜ்யத்துக்குக் கீழே ஒரு தெரு

சகல ஜனங்களுக்கும், குறிப்பாக உட்காரும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மூன்றாவது மாடி மீட்டிங் அறையில் நெடுங்காலம் சேவை செய்துவந்த எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், நிறுவனத்தின் தொலைநோக்குப் பார்வைக்குப் பொருந்தாத காரணத்தால், இன்று முதல் பதவி நீக்கம் செய்யப்படுகின்றன. ஒரு சகாப்தம் முடிகிறது. இன்னொன்று எழுந்து நிற்கிறது.

கையெழுத்துப் போட்டிருந்தவர் தலைமைச் சிற்பி. கல்லில் அல்ல, கம்ப்யூட்டர் புரோகிராமில் சிற்பி. அந்தப் பதவியின் முழுப் பெயர் விசிட்டிங் கார்டின் முன்பக்கத்தில் தொடங்கிப் பின்பக்கத்தில் முடியும். அலுவலகத்தில் வாய் வலிக்கும் என்று வெறும் 'சிற்பி' என்றார்கள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

நாற்காலிகளை மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். அவற்றின் இடத்தில் உயரமான மேஜைகள் வந்தன. நின்றுகொண்டு பேசினால் சிந்தனை ஓடும் என்பது சிற்பியின் கருத்து. ஓடியது என்னவோ ஆட்கள்தான்.

அந்த நாற்காலிகள் உட்காருவதற்காக மட்டும் இருந்தவை அல்ல. இதைப் புரியவைக்க நிறுவனத்தின் தொழிலைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியின் தலைமாட்டில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் நர்ஸ் மேஜைக்கு மேலே ஒரு பலகையில் படுக்கை எண் எரியும். மறுபடி அழுத்தினால் அணையும். அந்தப் பலகையைச் செய்கிறவர்கள் இவர்கள். பலகைக்குள் நகம் அளவு ஒரு சிப்; சிப்புக்குள் சி மொழியில் எழுதிய ஒரு புரோகிராம்; புரோகிராமுக்குள் ஒரு லூப். அந்த லூப்பை எழுதியவர் அரைப்புள்ளி.

அது அவருடைய பட்டப்பெயர். சி மொழியில் வாக்கியத்தை அரைப்புள்ளி வைத்துத்தான் முடிக்க வேண்டும். மற்றவர்களின் சட்டையில் கறை இருந்தால் சிலர் வாசலிலிருந்தே கண்டுபிடிப்பார்களே, அது மாதிரி அவர் அடுத்தவர் திரையில் விட்டுப்போன அரைப்புள்ளியை அறையின் அந்தப் பக்கத்திலிருந்தே கண்டுபிடிப்பார். கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டார். அடக்கம் என்ற சாமானை அவர் வீட்டில் யாரும் வாங்கிப் போட்டதில்லை.

"நான் எழுதின லூப்புல ஒரு தப்பு காட்டுங்க, என் பேரையே மாத்திக்கிறேன்" என்பார்.

"அதான் ஏற்கெனவே மாத்தியாச்சே அக்கா" என்பார் சந்தேகம். இவர் சோதனையாளர். எதையும் நம்பக் கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். வீட்டிலும் அதே குணம் என்று அவருடைய மனைவி வருத்தப்பட்டுக்கொள்வதாகக் கேள்வி.

லூப் என்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. 'முதல் படுக்கையைப் பார், இரண்டாம் படுக்கையைப் பார்' என்று படுக்கைக்கு ஒரு வரி எழுதுவதற்குப் பதிலாக, 'படுக்கையைப் பார், அடுத்ததுக்குப் போ' என்று ஒரே ஒரு முறை எழுதிவிட்டு மீதியை இயந்திரத்தின் தலையில் கட்டுவது. எங்கே தொடங்குவது, எதுவரை போவது, ஒவ்வொரு சுற்றிலும் எது மாறுவது, இவ்வளவு சொன்னால் போதும். நாம் கேஸை மூடினோமா என்று இன்னொரு தடவை போய்ப் பார்க்கவே அலுத்துக்கொள்கிறோம். அது படுக்கை படுக்கையாகப் போய் 'கூப்பிட்டீர்களா?' என்று கேட்கும். மறுபடி கேட்கும். ஒரு தடவைகூட முகம் சுளிக்காது. மனிதர்களில் இப்படி ஒருவரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம். நாம் என்னவோ அவரிடம் இன்னொரு வேலையைக் கொடுப்போம்.

ஆனால் சி பழைய மொழி. அதிகம் பேசாது. சொன்னதைச் செய்யும். சொன்னது அபத்தமாக இருந்தால் அதையும் அதே ஈடுபாட்டோடு செய்யும். சுவரில் முட்டு என்றால் 'எந்தச் சுவர்?' என்று மட்டும் கேட்கும்.

அதற்குத்தான் நாற்காலி. எட்டு நாற்காலியிலும் எண் ஒட்டியிருக்கும், பூஜ்யம் முதல் ஏழு வரை. சி மொழிக்கு எண்ணிக்கை பூஜ்யத்தில்தான் தொடங்கும். ஆஸ்பத்திரிக்காரர்களின் ஒன்றாம் படுக்கை அதற்குப் பூஜ்யமாம் படுக்கை. ஜன்னலோரம் பூஜ்யம், கதவோரம் ஏழு. யார் புதிதாக லூப் எழுதினாலும் எட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். நர்ஸைக் கூப்பிடுகிற நோயாளி என்றால் கை தூக்க வேண்டும். ஒருவர் மட்டும் நடப்பார். லூப்பில் எண்ணிக்கொண்டு போவதற்கு வழக்கமாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்தை வைப்பார்கள் என்பதால், நடக்கிறவரும் ஐ. "இன்னிக்கு யாரு ஐ?" என்றுதான் காலையில் கேட்டுக்கொள்வார்கள்.

ஐ-யின் ஒரு கையில் லூப் எழுதிய காகிதம். மறு கையில், பழைய டேப் ரெக்கார்டரில் இருக்குமே, அந்த மாதிரி நான்கு சக்கர எண் உருளை. விதி ஒன்றுதான்: எழுதியிருப்பதைச் செய், தெரிந்ததைச் செய்யாதே. ஐ-யை யாரும் நிறுத்தக் கூடாது. காகிதத்தில் உள்ள நிபந்தனைதான் நிறுத்த வேண்டும். ஒரு தடவை 'எண்ணை ஒன்று கூட்டு' என்று எழுத யாரோ மறந்துவிட்டார்கள். அன்றைக்கு ஐ-யாக இருந்த கணக்காளர் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பூஜ்யம் நாற்காலி முன்னாலேயே நின்று "கூப்பிட்டீங்களா? கூப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதில் உட்கார்ந்திருந்த சந்தேகம் ஒவ்வொரு தடவையும் "இல்லண்ணே" என்று பதில் சொன்னார். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. லூப் திருத்தப்பட்ட பிறகுதான் சாப்பிடப் போனார்கள். அவர்கள் அனுப்பிய பலகைகள் எந்த வார்டிலும் நின்றதில்லை என்றால் அதற்குப் பின்னால் இந்த மாதிரிப் பட்டினிகள் இருக்கின்றன.

சிற்பி வேலையில் சேர்ந்த வாரமே இதைப் பார்த்தார்.

"என்ன மேடம் இது, மியூசிக்கல் சேரா?"

"லூப்பை நடந்து பாக்கறோம் சார்" என்றார் அரைப்புள்ளி.

"லூப்பைப் படிக்கணும் மேடம். நடக்கக் கூடாது."

"படிச்சா நாம நினைச்சது தெரியும் சார். நடந்தாத்தான் எழுதினது தெரியும்."

சிற்பி புன்னகை செய்தார். அந்தப் புன்னகைக்கு எங்கேயோ தனியாகப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். அடுத்து வந்ததுதான் மேற்படி அறிவிப்பு.

நாற்காலிகளோடு அவர் நிறுத்தவில்லை. பொத்தானை அழுத்தினால் பலகை வெறும் 'டிங்' என்று சொல்வது கண்ணியக் குறைவு என்றார். அதற்குப் பதில் ஒரு மெட்டு போட்டார்: ஆரம்பம், நடு, உருக்கமான முடிவு எல்லாம் கொண்ட மெட்டு. அது பாடி முடித்த பிறகுதான் லூப் கிளம்பும். பிறகு லூப்பையே திருப்பிப் போட்டார். எட்டாம் படுக்கை நர்ஸ் மேஜைக்கு எதிரே இருப்பது. அறுவை முடிந்து வருகிறவர்களை அங்கேதான் கிடத்துவார்கள். அவர்களைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? ஆகவே கடைசியில் தொடங்கி முதலுக்கு வரட்டும். நியாயமாகச் சொன்னால் இது நல்ல யோசனை. அரைப்புள்ளிகூட "எனக்குத் தோணாமப் போச்சே" என்று ஒரு நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சீர்திருத்தம் கம்பைலரைப் பற்றியது. நாம் எழுதுவதைச் சிப்புக்குப் புரிகிற பாஷையில் மாற்றித்தருகிற மென்பொருள் அது. மாற்றும்போது எங்கேயாவது இடித்தால் 'இது சரியாக இருக்கிறதா பாருங்கள்' என்று ஓர் எச்சரிக்கை வரி முணுமுணுக்கும். இந்த முணுமுணுப்பு குழுவின் உற்சாகத்தைக் குறைக்கிறது என்று சிற்பி கருதினார். எச்சரிக்கைகளை அணைத்துவைக்கச் சொன்னார். திரை சுத்தமானது. எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள்.

புதிய பலகை ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. சில நாட்கள் மெட்டுப் பாடி எண் காட்டியது. அப்புறம் ஒரு பகலில் மெட்டை மட்டும் பாடிவிட்டு இருண்டது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் உயிர் வந்தது. மறுநாள் மறுபடி போயிற்று. அலுவலகத்தில் ஒரு பலகையை மாட்டி ஆளுக்கு ஆள் அழுத்திப் பார்த்தார்கள். அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் பாடியது, எண் காட்டியது, நன்றாக இருந்தது. தலைமை நர்ஸோ பலகையைக் கழற்றி எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்.

சிற்பி முதலில் 'சுற்றுச்சூழல் காரணிகள்' என்றார். அது எடுபடாததால் 'குழுவின் பழைய பண்பாடு' என்றார். பண்பாடு என்றால் அரைப்புள்ளி என்று அர்த்தம். முதலாளியம்மா அரைப்புள்ளியை அறைக்குக் கூப்பிட்டார். பலகைகளுக்கு மரப்பெட்டி செய்கிற பட்டறையாகத் தொடங்கி இந்த மூன்று மாடியை எழுப்பியவர் அவர். மரத்தைத் தட்டிப் பார்த்தே வயது சொல்வார், புரோகிராம் மட்டும் படிக்கத் தெரியாது.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியணும்மா. இல்லன்னா உன்னை ஆவணப் பிரிவுக்கு மாத்திடலாம்கிறார்."

"நீங்க என்ன சொன்னீங்க மேடம்?"

"நான் என்னத்தச் சொல்றது? அவரு சொல்றது எனக்குப் புரியல. நீ சொல்றதும் புரியல. அவரு கோட்டு போட்டுட்டுச் சொல்றாரு."

ஆவணப் பிரிவு என்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே உட்கார்ந்து 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்பதைப் பல மொழிகளில் எழுத வேண்டும். புரோகிராமில் ஒரு வரிகூட எழுதக் கூடாது. நீச்சல்காரரைத் தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் போட்ட மாதிரி.

அரைப்புள்ளியின் வீட்டுக்காரர் அதே வார்டில் நர்ஸ். ஆக, நிறுவனத்தின் உண்மையான வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அவர்கள் வீட்டுச் சமையலறைதான். அன்று சாயங்காலம் அவர் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார், இவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உன் பலகை இன்னிக்கும் மூர்ச்சை போட்டுடுச்சு."

"என் பலகை இல்ல. சிற்பியோடது."

"ஓடினா உன்னோடது, நின்னா அவரோடதா? நம்ம பையன் மார்க் வாங்கற மாதிரியில்ல இருக்கு. நல்ல மார்க்குன்னா உன் பிள்ளை."

"கிண்டல் அப்புறம் பண்ணுங்க. எனக்கு நாளைக்கு வேலையே போகப்போகுது. அழுத்தினது யாரு?"

அவர் குழாயை மூடினார். "எட்டாம் படுக்கைக்காரர்தான் நாளெல்லாம் அழுத்தறார். தண்ணி குடு, தலைகாணி குடு, தண்ணிய எடு, தலைகாணிய எடு. அவருக்கு ஒரு நாளும் நின்னதில்ல. சொரணை கெட்ட பலகை, அவருக்குத்தான் ஓடி ஓடி உழைக்குது."

"அப்ப யாருக்கு நிக்குது?"

"ஏழாம் படுக்கை. பாவம், ரொம்ப மரியாதைக்காரர். அழுத்துவார், பாட்டு ஆரம்பிக்கும். நான் ஊசிய வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் ஓடறதப் பாப்பார். உடனே இன்னொரு அழுத்து அழுத்தி அணைச்சிட்டு, 'பரவால்ல தம்பி, நீங்க வேலையப் பாருங்க'ம்பார். அந்த மாதிரி மனுஷனுக்குப் போய் இந்த மிஷின்..."

"என்ன சொன்னீங்க?"

"மரியாதைக்காரர்னேன்."

"அதுக்கப்புறம்."

"அணைச்சிடுவார்னேன்."

"பாட்டு முடியறதுக்குள்ளயா?"

"அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள ஆளு டிஸ்சார்ஜே ஆகிடலாம்."

அரைப்புள்ளி துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். அலுவலகத்தில் இத்தனை பேர் இத்தனை தடவை அழுத்திப் பார்த்தார்கள். ஒருவர்கூட அழுத்திவிட்டு 'வேண்டாம்' என்று சொல்லிப் பார்க்கவில்லை. ஒன்றைக் கேட்டுவிட்டுத் திரும்பப் பெறுகிற வழக்கம் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. சிற்பிக்கோ ஜாதகத்திலேயே கிடையாது.

"என்ன, தட்டு ஓட்டையாகிடப் போகுது" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க மட்டும் ஆஸ்பத்திரில இல்லாம ஆபீஸ்ல இருந்திருந்தீங்கன்னா..."

"உனக்குக் கீழ வேலை பாக்கணும். அதான் வீட்லயே பாக்கறேனே."

காலையில் முதல் வேலையாக அரைப்புள்ளி, சிற்பி எழுதிய லூப்பைத் திரையில் கொண்டுவந்தார். பார்த்தார். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அவருக்குத் தெரிந்து என்ன பயன்? தீர்ப்புச் சொல்ல வேண்டியவருக்குப் புரோகிராம் படிக்கத் தெரியாதே. நேரே முதலாளியம்மாவிடம் போனார்.

"மேடம், மொட்டை மாடியிலேருந்து நாற்காலிங்க வேணும்."

நாற்காலிகள் இறங்கி வந்தன. பதவியில் இல்லாத காலத்தில் நான்காம் எண்ணின் மேல் புறாக்கள் தங்கள் அபிப்பிராயத்தைப் பதிவு செய்திருந்தன. துடைத்துப் போட்டார்கள். பூஜ்யம் நாற்காலியில் முதலாளியம்மாவே உட்கார்ந்தார். ஆறாம் எண்ணில், அதாவது ஏழாம் படுக்கையில், சந்தேகம். மற்றதில் கிடைத்தவர்கள்.

செய்தி கேட்டுச் சிற்பி வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் அதைவிடப் பெரியதாக ஒன்று செய்தார்: கோட்டைக் கழற்றாமல் ஐ-யாக நடக்க முன்வந்தார்.

"நான் எழுதினத எழுதினபடியே நானே நடந்து காட்டறேன். நடுவுல யாரும் நிறுத்தக் கூடாது. நானே நினைச்சாலும் நிக்க மாட்டேன்."

"உறுதியா சார்?" என்றார் சந்தேகம்.

"நான் ஒரு தடவை சொன்னதை மாத்தினதில்ல."

"அதுதான சார் விஷயமே" என்று சந்தேகம் பக்கத்து நாற்காலிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

காகிதத்தில் இருந்தது இதுதான்: ஐ ஏழில் தொடங்கும். ஐ பூஜ்யமோ அதற்கு மேலோ இருக்கும்வரை, அந்த நாற்காலியைப் பார். கை தூக்கியிருந்தால் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு லூப்பை விட்டு வெளியே வா. இல்லையென்றால் ஐ-யில் ஒன்று குறை. அவ்வளவுதான். வாசித்தால் குற்றம் சொல்ல முடியாது. முதல் நடையில் மூன்றாம் நாற்காலி கை தூக்கியது. கணக்காளர் மெட்டை வாயாலேயே பாடினார். உருக்கமான முடிவில் கொஞ்சம் கமகமும் சேர்த்தார். சிற்பி ஏழு, ஆறு, ஐந்து, நான்கு என்று வந்து மூன்றாமவர் முன்னால் நின்று, "மூணு. முடிஞ்சுது" என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். கைதட்டு வராததால் அவரே தலையசைத்துக்கொண்டார்.

"இப்ப நான் சார்" என்று சந்தேகம் கை தூக்கினார். கணக்காளர் மெட்டைத் தொடங்கினார். மெட்டு நடுவில் இருக்கும்போது சந்தேகம் கையை இறக்கி, "பரவால்லைங்க, நீங்க வேலையப் பாருங்க" என்றார்.

சிற்பி முகம் சுளித்தார். "இப்படியெல்லாம் யாரு செய்வாங்க?"

"ஏழாம் படுக்கைக்காரர் செய்றார் சார்" என்றார் அரைப்புள்ளி. "நடங்க."

நடந்தார். "கூப்பிட்டீங்களா?" "இல்ல சார்." உருளையை ஒன்று பின்னால் திருப்பினார். "கூப்பிட்டீங்களா?" "கூப்பிட்டேன், இப்ப வேண்டாம்." திருப்பினார். ஒவ்வொரு நாற்காலியும் இல்லை என்றது. கடைசியாகப் பூஜ்யம்.

"கூப்பிட்டீங்களா மேடம்?"

"நான் எதுக்குய்யா கூப்பிடறேன்?"

காகிதத்தைப் பார்த்தார். ஒன்று குறை. உருளையைப் பின்னால் திருப்பினார். நான்கு சக்கரமும் சேர்ந்து 'கட்டக்' என்று புரண்டன. 9999.

படுக்கை எண்ணுக்கு மைனஸ் எதற்கு என்று சிற்பி யோசித்திருந்தார், யார்தான் யோசிக்கமாட்டார்கள்? அதனால் ஐ-க்கு மைனஸே தெரியாத வகை எண்ணைக் கொடுத்திருந்தார். அந்த வகை எண்ணுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே என்று ஓர் இடம் கிடையாது. பூஜ்யத்திலிருந்து ஒன்று பின்னால் வைத்தால் உலகத்தின் மறுகோடியில் போய் விழும். சிப்புக்குள் இருக்கிற எண் இன்னும் பெரியது. உருளையில் நாலு சக்கரம்தான்.

இப்போது நிபந்தனை: ஐ பூஜ்யமோ அதற்கு மேலோ? 9999 பூஜ்யத்துக்கு மேல். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

சிற்பிக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது கழுத்திலிருந்து காது வரை சிவப்பாக ஏறுவதை எல்லோரும் பார்த்தார்கள். இந்த மாதிரி இடத்தில் பெரிய மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். கைப்பேசியை எடுத்து அடிக்காத மணிக்கு ஹலோ சொல்வார்கள். அல்லது, 'இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருகிறேன்' என்பார்கள். சிற்பி அதில் எதையும் செய்யவில்லை. கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். திரும்பினார். எட்டு நாற்காலிகளையும் கடந்து, கதவைத் திறந்து, வெளியே போனார்.

"எங்கய்யா போறார்?" என்று முதலாளியம்மா எழுந்துவிட்டார்.

"9999-ஆம் நாற்காலிக்கு மேடம்" என்றார் அரைப்புள்ளி.

"அது எங்க இருக்கு?"

"எங்கயோ. எட்டுதான் நம்மளோடது. அதுக்கு அப்புறம் இருக்கறதெல்லாம் அடுத்தவங்க இடம். சி தடுக்காது. போன்னு எழுதியிருக்கு, போகுது."

சோதனையாளர் ஐ-யின் பின்னாலேயே போக வேண்டும் என்பது விதி. சந்தேகம் கணக்காளரைக் கைப்பேசியில் கூப்பிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் படியிறங்கினார். மேலே எல்லோரும் ஜன்னலில். கணக்காளரின் கைப்பேசி ஸ்பீக்கரில்.

சிற்பி தெருவில் இறங்கி, நடைபாதை வழியாக, கோட்டும் காகிதமும் உருளையுமாகத் தெருமுனை வரை விறைப்பாக நடந்தார். முனையில் ஒரு பஸ் நிறுத்தம். அங்கே தொடங்கினார்.

"கூப்பிட்டீங்களா?"

"இல்லையே" என்றது ஸ்பீக்கர். பஸ்ஸுக்கு நின்றவர்.

கட்டக். 9998. பக்கத்தில் ஓர் அம்மாள். "கூப்பிட்டீங்களா?"

"உங்கள யாருன்னே தெரியாதுங்களே."

கட்டக். பேப்பர் படிக்கிறவர். "கூப்பிட்டீங்களா?"

"எந்தக் கட்சி நீங்க?"

கட்டக்.

ஜன்னலில் யாரும் சிரிக்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த நேரத்தில் எல்லோருக்கும் அந்த மனிதர் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. எழுதியது தப்பு என்று தெரிந்த பிறகும், எழுதியது தன்னுடையது என்பதால் அதன் பின்னாலேயே தெருவுக்குப் போகிற ஆளை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. அரைப்புள்ளி மெல்ல, "நல்லா நடக்கறார்" என்றார். அவர் வாயிலிருந்து அடுத்தவருக்கு அப்படி ஒன்று வந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாற்சந்தி வந்தது. நடுவில் போக்குவரத்துக் காவலர். ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி, கையை உயரத் தூக்கியிருந்தார்.

சிற்பி வண்டிகளுக்கு இடையே நடந்து அவர் முன்னால் போய் நின்றார்.

"கூப்பிட்டீங்களா?"

"யோவ், நான் வண்டிய நிறுத்தறேன்யா! ஓரமாப் போங்க சார்!"

"கை தூக்கியிருக்கீங்களே?"

"தூக்காம? கால தூக்கச் சொல்றீங்களா?"

லாரிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் சிற்பியின் குரல் தெளிவாகக் கேட்டது. "கை தூக்கியிருக்கு. கண்டுபிடிச்சாச்சு. முடிஞ்சுது."

அவர் திரும்பி வரும்வரை யாரும் உட்காரவில்லை. நெற்றி வியர்த்திருந்தது, ஷூவில் தெருவின் தூசி. நேரே முதலாளியம்மாவிடம் வந்தார்.

"மேடம், ஒன்பதாயிரத்துச் சொச்சமாவது படுக்கை கூப்பிடுது. அப்படி ஒரு படுக்கையைப் பலகையில காட்டச் சொன்னா அது செத்துத்தான் போகும். நம்ம ஆபீஸ்ல இருக்கற யாரும் அழுத்திட்டு வேண்டாம்னு சொல்லல. அதனால இது தெரியல." காகிதத்தை அரைப்புள்ளியிடம் நீட்டினார். அடுத்த வார்த்தைகள் பழக்கமில்லாத பாதையில் ஏறிவந்தன. "நான் எழுதினது தப்பு. அவங்களப் பத்தி நான் சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கறேன்."

சந்தேகம்கூட இதைச் சந்தேகிக்கவில்லை.

"எப்படி எழுதணும் மேடம்?" என்று அவர் அரைப்புள்ளியைக் கேட்டார். கேட்டது கேள்வி, புன்னகை இல்லை.

அரைப்புள்ளி பேனாவை எடுத்து அதே காகிதத்தில் ஒரே வரியை மாற்றினார். ஏழில் அல்ல, எட்டில் தொடங்கு. நடப்பதற்கு முன்னாலேயே கேள்: மிச்சம் இருக்கிறதா? இருந்தால் ஒன்று குறைத்துக்கொண்டு அந்த நாற்காலிக்குப் போ. பூஜ்யம் நாற்காலியைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்கும்போது மிச்சம் இராது; அங்கேயே நின்றுவிடலாம். அவருக்கு மைனஸ் தேவைப்படவில்லை, புது வகை எண் தேவைப்படவில்லை, ஒரு எழுத்துக்கூட அதிகமாகத் தேவைப்படவில்லை. குறைத்துவிட்டுக் கேட்டதைக் கேட்டுவிட்டுக் குறைத்தார். தெருவுக்குப் போன பாதை மூடிக்கொண்டது. சட்டத்தில், குடும்பத்தில், நாட்டு நிர்வாகத்தில் எத்தனையோ வரிகள் எழுதப்படுகின்றன. இவ்வளவு கச்சிதமாக எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த வரியைக் காண்பது அபூர்வம்.

சிற்பி அதை வாங்கி நடந்து பார்த்தார். பூஜ்யத்தில் நின்றார். "யாரும் கூப்பிடல" என்று அறிவித்தார். இந்தத் தடவை கைதட்டினார்கள்.

"பாட்டை எடுத்துடட்டுமா?" என்று அவரே கேட்டார்.

"கொஞ்சம் குறைச்சா போதும் சார்" என்றார் அரைப்புள்ளி. "அந்த நடுப்பகுதி நல்லாத்தான் இருக்கு."

நாற்காலிகளுக்குப் பதவி திரும்பக் கிடைத்தது. ஆவணப் பிரிவுக்கு யாரும் போகவில்லை. வார்டில் பலகை நின்றது என்ற பேச்சே அப்புறம் இல்லை. ஏழாம் படுக்கைக்காரர் அப்படி எதற்குத்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு விட்டார் என்று அரைப்புள்ளி வீட்டில் விசாரித்தார். ஃபேனைக் குறைக்கத்தான் என்றார் வீட்டுக்காரர்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. அணைத்துவைத்திருந்த எச்சரிக்கைகளைத் திரும்பப் போட வேண்டும். போட்டார்கள். சரியாக வருகிறதா என்று பார்க்க, சந்தேகம் சிற்பியின் பழைய லூப்பையே கம்பைலரிடம் கொடுத்தார். எல்லோரும் திரையைச் சுற்றி நின்றார்கள். கண் இமைப்பதற்குள் ஒரு வரி வந்தது: இந்த நிபந்தனை எப்போதும் உண்மையாகவே இருக்கும்.

அதைச் சொல்ல அதற்கு ஒரு நாற்காலிகூடத் தேவைப்படவில்லை.